பழுப்பா, நீலமா? கர்ப்பப்பைத் திசு சொல்லும் சேதி

காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு வயது 58. மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் விடிகாலை, மருமகள் எழுந்து வருவதற்குள் தன் சேலையையும் பாவாடையையும் தானே துவைத்துக் காயப்போட்டுவிட்டார்.

"ஏனுங்கத்தை, இந்நேரத்துல துணி தொவைச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சூடு புடிச்சுக்கிச்சாட்டம் இருக்குது. லேசா பட்டுது. ரெண்டு நாள் வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சாச் செரியாப் போயிரும்."

"நின்னு ஏழு வருசமாச்சுங்களே அத்தை… இப்ப எப்படிங்க படும்?"

மருமகள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பல வீடுகளில் அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை. கேட்டாலும், "இதைப் போயி வெளிய சொல்லிக்கிட்டு" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

சூடு அல்ல, சைகை

கடைசி மாதவிலக்குக்குப் பிறகு 12 மாதங்கள் முழுதாகக் கடந்துவிட்டால், மாதவிலக்கு நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதன் பிறகு ஒரு துளி பட்டாலும் அது கணக்கில் சேரும். ஒருமுறை பட்டு நின்றுவிட்டாலும் சேரும்.

இப்படி ரத்தம் படும் 100 பெண்களைப் பரிசோதித்தால், ஏறக்குறைய 90 பேருக்குப் புற்றுநோய் இருக்காது. உட்சுவர் மெலிந்து போயிருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். மீதிப் பத்துப் பேர் வரைதான் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் உள்ளவர்கள். இதே கணக்கை மறுபக்கமிருந்து பார்த்தால், இந்தப் புற்றுநோய் கண்டறியப்படும் பெண்களில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு முதல் அறிகுறியே ரத்தப்போக்குதான். அதாவது, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மறைக்கக் கூடாது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'கர்ப்பப்பைப் புற்றுநோய்' என்று பேச்சுவழக்கில் சொல்வதில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கர்ப்பப்பை வாயில் வருவது. அதற்கு ஹெச்.பி.வி. வைரஸ் காரணம். தடுப்பூசி உண்டு, பாப் ஸ்மியர் பரிசோதனை உண்டு. இன்னொன்று உள்ளே, மாதாமாதம் உரிந்து வெளியேறும் அந்த உட்சுவரில் வருவது. 'எண்டோமெட்ரியம்' என்று அதற்குப் பெயர். பாப் ஸ்மியர் சரியாக இருக்கிறது என்று சொன்னால், இந்த இரண்டாவது நோய் இல்லை என்று அர்த்தமாகாது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. உடம்பு தரும் அந்தச் சைகைதான் பரிசோதனைக்கு முதல் அழைப்பு.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இது கண்டறியப்படுகிறது. உடல் எடையும் சர்க்கரை நோயும் கூடக்கூட இதுவும் கூடுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஓய்வெடுத்துக்கொண்டாலும், உடம்பிலுள்ள கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தொடர்ந்து தயாரிக்கிறது. உட்சுவரை 'வளர், வளர்' என்று தூண்டுவது ஈஸ்ட்ரோஜன். 'போதும்' என்று நிறுத்தும் புரோஜெஸ்டிரான் அப்போது இருப்பதில்லை. குழந்தை பெறாதவர்கள், நீண்ட காலம் பி.சி.ஓ.எஸ். இருந்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு சற்று அதிகம்.

ஒரு சிட்டிகை சதை

மருமகள் விடவில்லை. அடுத்த வாரம் இருவரும் கோவைக்கு பஸ் ஏறினார்கள். முதலில் ஸ்கேன். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு உட்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மாமியாருக்கு அதைவிட அதிகமாக இருந்தது. மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, உட்சுவரிலிருந்து ஒரு சிட்டிகை திசுவை எடுத்தார் டாக்டர். இதுதான் பயாப்சி.

"கத்தி பட்டா நோவு பரவிருமுன்னு சொல்றாங்களே டாக்டரு?"

இந்தப் பயம் கொங்கு நாட்டில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. உட்சுவரில் பயாப்சி எடுப்பதைத் தள்ளிப்போட இந்தப் பயம் ஒரு காரணமே அல்ல. நோய் இருக்கிறதா என்பதைத் தாண்டி, என்ன வகை, எவ்வளவு முரட்டுத்தனமானது, எந்தச் சிகிச்சைக்குப் பணியும் என்பதையெல்லாம் இந்தச் சிட்டிகைச் சதைதான் சொல்லப்போகிறது.

சொல்ல வேண்டுமானால், அது கெடாமல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். நம் ஊர்களில் திசு இருக்கும் டப்பாவை உறவினர் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துட்டு வாங்க" என்று அனுப்புவது சாதாரணம். அந்த டப்பாவில் ஃபார்மலின் என்ற திரவம் இருக்க வேண்டும். திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரிலோ வெறும் டப்பாவிலோ ராத்திரி முழுக்கக் கிடந்தால், திசுவிலுள்ள புரதங்கள் சிதைந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல ஆய்வகமும் சரியான விடை சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சையில் முழுக் கர்ப்பப்பையை எடுக்கும்போது இந்தக் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை. ஃபார்மலின் சதைக்குள் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் ஊறும். கர்ப்பப்பையை வகுந்து திறக்காமல் அப்படியே போட்டுவைத்தால், வெளிப்புறம் பதமாகும். புற்றுநோய் இருக்கும் உட்புறம் கெட்டுப்போகும். அதனால்தான் புரதப் பரிசோதனைக்குப் பல மருத்துவர்கள் பயாப்சித் துண்டையே விரும்புகிறார்கள். சின்னத் துண்டு, சீக்கிரம் ஊறும்.

சாயப்பட்டறை வேலைதான்

ஆய்வகத்தில் அந்தத் திசு மெழுகில் பதிக்கப்பட்டு, சின்னக் கட்டியாகிறது. 'பிளாக்' என்பார்கள். அதிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவல்கள் எடுக்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு! அதைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள்.

சாயம் என்றால் திருப்பூருக்கும் பவானிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. நோய்க்குறியியல் ஆய்வகங்களில் தினமும் பயன்படும் நீலச் சாயமான ஹீமடாக்ஸிலின், மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருவது. அந்த மரத்தை ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது துணிக்குச் சாயம் போடத்தான். துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் சேர்ப்பது போலவே, ஆய்வகத்திலும் இந்தச் சாயத்தோடு படிகாரம் சேர்க்கிறார்கள்.

இந்த முதல் சாயத்திலேயே பாதி சேதி தெரிந்துவிடும். செல்களின் வடிவத்தைப் பார்த்து, இது புற்றுநோய்தானா, எந்த வகை, எந்தத் தரம் என்று நோய்க்குறியியல் நிபுணர் சொல்லிவிடுவார். ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கட்டிகள் நடத்தையில் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று அறுவை சிகிச்சையோடு அடங்கிவிடும். இன்னொன்று இரண்டு வருடத்தில் திரும்பி வரும். வேறுபாடு செல்லுக்குள் இருக்கிறது. குறிப்பாக, செல்லைக் கட்டுக்குள் வைக்கும் காவல் புரதங்களில் இருக்கிறது.

அதைப் பார்க்க இரண்டாவது சாயம் தேவை. 'இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி' என்பது முழுப்பெயர். ரிப்போர்ட்டில் 'ஐ.ஹெச்.சி.' என்று போட்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் சீவலின் மேல் விடுகிறார்கள். அது ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் தோன்றும்படி செய்கிறார்கள். புரதம் இருந்தால் பழுப்பு. இல்லையென்றால் வெறும் நீலம்.

பனியன் கம்பெனியில் மூன்று பேர்

செல் என்பதை ஒரு பனியன் கம்பெனி என்று நினைத்துக்கொண்டால், இந்தக் காவல் புரதங்களைப் புரிந்துகொள்வது எளிது.

முதல் ஆள், வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைப்பவர். பெயர் பிடென். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் கட்டளைகள் வரும்போது செல்லுக்குள் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அதை அணைப்பது பிடென்னின் வேலை. அவர் இல்லையென்றால் ஆர்டர் இல்லாமலேயே ராப்பகலாக மெஷின் ஓடும். இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1997-ல் அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. கர்ப்பப்பை உட்சுவரில் அதிகமாக வரும் 'எண்டோமெட்ரியாய்டு' வகைப் புற்றில் பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளில் இந்த மரபணு பழுதாகியிருக்கிறது.

இரண்டாவது ஆள் செக்கிங் மாஸ்டர். பெயர் பி53. செல்லின் டி.என்.ஏ.வில் ஓட்டை விழுந்தால், "நிறுத்து, சரிசெய்" என்பார். சரிசெய்ய முடியாத பீஸை வெளியே தள்ளிவிடுவார். அதாவது, அந்தச் செல்லைத் தானே இறந்துபோகச் செய்வார்.

மூன்றாவது, நால்வர் கொண்ட ஒரு குழு. எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 என்று பெயர்கள். எம்.எம்.ஆர். புரதங்கள் என்று மொத்தமாகச் சொல்வார்கள். டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது தவறும் எழுத்துகளைத் தேடித் திருத்துவது இவர்கள் வேலை. நெய்த துணியில் விட்டுப்போன இழையை ஊசியால் எடுத்துக் கோப்பவர்கள் போல.

காவலாளி அதிகம் இருந்தாலும் ஆபத்து

காவல் புரதம் என்றால் நிறைய இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்றுதானே தோன்றும்? பி53 விஷயத்தில் அப்படியில்லை. ரிப்போர்ட்டைப் பார்க்கும் குடும்பங்கள் தடுமாறும் இடமும் இதுதான்.

ஆரோக்கியமான செல்லில் பி53 வந்து வேலையை முடித்ததும் சீக்கிரமே கலைக்கப்பட்டுவிடும். அதனால் சாயம் போட்டால் சில செல்களில் பழுப்பு, சிலவற்றில் லேசான பழுப்பு, சிலவற்றில் நீலம் என்று கலவையாகத் தெரியும். இதுதான் இயல்பு.

பி53 மரபணு கெட்டுப்போனால் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், வேலை தெரியாத செக்கிங் மாஸ்டர்கள் உருவாகி, கலைக்கப்படாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கூட்டம் சேருகிறது. சாயம் போட்டால் கிட்டத்தட்ட எல்லாச் செல்களின் கருவும் அடர் பழுப்பு! ஆள் நிறைய, வேலை பூஜ்யம். இன்னொரு விதமும் உண்டு. மரபணு ஒரேயடியாக முறிந்து, புரதமே உருவாகாமல் போய்விடும். அப்போது எல்லாம் நீலம். இரண்டுமே கெட்ட சேதிதான். அதனால் ரிப்போர்ட்டில் 'பி53 பாசிட்டிவ், நெகட்டிவ்' என்பதைவிட, 'இயல்பான முறை, மாறுபட்ட முறை' என்று எழுதுவதே சரி.

விஞ்ஞானிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1979-ல் பி53 கண்டுபிடிக்கப்பட்டபோது, புற்றுச் செல்களில் அது குவிந்து கிடப்பதைப் பார்த்து, புற்றுநோயைத் தூண்டும் வில்லன் இதுதான் என்று நினைத்தார்கள். அவர்கள் பார்த்தது கெட்டுப்போன பி53. உண்மையில் அது காவலாளி என்று 1989-ல்தான் தெளிவானது. பத்து வருடம் காவலாளியைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது அறிவியல் உலகம்.

எப்படி அளக்கிறார்கள்?

பழுப்பு நிறத்தைப் பார்த்து எண் போடுவது எப்படி? பல ஆய்வுகள் பயன்படுத்தும் ஒரு முறை 'ஹெச் ஸ்கோர்'. நிறத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். நிறமே இல்லையென்றால் 0. லேசு 1, நடுத்தரம் 2, அடர்த்தி 3. எத்தனை சதவிகித செல்கள் எந்த மதிப்பெண் என்று கணக்கிட்டுப் பெருக்கிக் கூட்டுகிறார்கள்.

உதாரணமாக, 100 செல்களில் 50 அடர்த்தி என்றால் 150. நடுத்தரம் 30 என்றால் 60. லேசு 10 என்றால் 10. மீதிப் பத்து பூஜ்யம். மொத்தம் 220. அதிகபட்சம் 300 வரை போகலாம்.

இதில் ஒரு நேர்மையான சோதனையும் இருக்கிறது. பிடென் சாயம் போடும்போது, புற்றுச் செல்களை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள். அவற்றுக்கு நடுவே சாதாரண தாங்கு திசுச் செல்களும் இருக்கும். அவற்றில் பிடென் இருந்தே ஆக வேண்டும். அவை பழுப்பாக இருந்து, பக்கத்திலுள்ள புற்றுச் சுரப்பிகள் மட்டும் நீலமாக இருந்தால்தான் 'பிடென் இல்லை' என்று சொல்லலாம். எல்லாமே நீலமாக இருந்தால்? சாயம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். திசு கெட்டிருக்கலாம், சோதனையை மறுபடி செய்ய வேண்டும். டப்பாவும் ஃபார்மலினும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

கோவையில் 1966-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், பீளமேட்டில் 1985-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும் நோய்க்குறியியல் மருத்துவர்களை உருவாக்குகின்றன. மூன்று வருட எம்.டி. படிப்பில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். கர்ப்பப்பை உட்சுவரில் பிடென், பி53 அளவு என்பது தமிழக மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஆய்வேடுகளுக்குப் பழக்கமான தலைப்பு. பழைய பிளாக்குகளை எடுத்து, சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லாக எண்ணும் வேலை. நோயாளிக்கு அவர்கள் முகம் தெரியாது. ஆனால் அப்படி எண்ணிப் பழகிய கண்கள்தான் நாளை இன்னொரு பெண்ணின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகின்றன.

இந்த எண்ணில் ஓர் எல்லையும் உண்டு. பிடென் எவ்வளவு குறைந்தால் 'குறைவு' என்பதற்கு ஆய்வுக்கு ஆய்வு அளவுகோல் மாறுகிறது. தவிர, நோயே இல்லாத, மாதவிலக்கு நிற்காத பெண்களின் உட்சுவரைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில், 100-க்கு 43 பேரிடம் பிடென் இழந்த சுரப்பிகள் சில தென்பட்டன. ஆகவே 'பிடென் இல்லை' என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து யாரும் இடிந்துபோக வேண்டியதில்லை. இன்றைக்குச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் முன்னால் நிற்பவை பி53-ம் எம்.எம்.ஆர். நால்வரும்தான்.

ஒரே நோய், நான்கு குணம்

2013-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று 373 கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுகளை மரபணு வரை அலசியது. பார்வைக்கு இரண்டு மூன்று வகையாகத் தெரிந்த நோய், உள்ளே நான்கு குழுக்களாகப் பிரிந்திருந்தது.

முதல் குழுவில் 'போல்-ஈ' என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க முரடாகத் தெரியும். ஆனால் திரும்பி வருவது மிக அரிது. இதைச் சாயத்தில் பார்க்க முடியாது. மரபணுச் சோதனை தேவை. இரண்டாவது, எம்.எம்.ஆர். புரதம் இழந்த குழு. மூன்றாவது, பி53 மாறுபட்ட குழு. இதுதான் முரட்டுக் குழு. நோயாளிகளில் 100-க்கு 15 பேர்தான் இதில் வருவார்கள். ஆனால் இந்த நோயால் ஏற்படும் மரணங்களில் பாதிக்கு மேல் இவர்களுடையது. இந்த மூன்றிலும் சேராதது நான்காவது குழு.

இதனால் சிகிச்சையில் என்ன மாறும்? ஐரோப்பா, ஆஸ்திரேலியா, கனடா எனப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய 'போர்டெக்-3' ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. பி53 மாறுபட்ட பெண்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 36 சதவிகிதம். கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் 59 சதவிகிதம். போல்-ஈ குழுவினரோ, கீமோ பெற்றாலும் பெறாவிட்டாலும் கிட்டத்தட்ட எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

இந்த இரண்டு வரிகளில் இரண்டு குடும்பங்களின் கதை இருக்கிறது. ஒருவருக்குக் கீமோ தராமல் விட்டால் ஆபத்து. இன்னொருவருக்குத் தந்தால் முடி கொட்டி, வாந்தி எடுத்து, தோட்டத்தை விற்றுச் செலவு செய்து, எந்தப் பலனும் இருக்காது. யார் எந்தப் பக்கம் என்று சொல்வது அந்தச் சிட்டிகைச் சதை.

2023-ல் சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான 'ஃபிகோ', இந்த நோயின் நிலைகளை வகுக்கும் விதியையே மாற்றியது. கர்ப்பப்பையின் தசைக்குள் நுழைந்து, ஆனால் கர்ப்பப்பையைத் தாண்டாத புற்று முன்பு பெரும்பாலும் முதல் நிலைதான். பி53 மாறுபட்டிருந்தால் இப்போது அது இரண்டாம் நிலையாக எழுதப்படுகிறது. கட்டி எங்கே இருக்கிறது என்பதோடு, அதன் குணம் என்ன என்பதும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மகனுக்கும் மகளுக்கும் ஒரு சேதி

எம்.எம்.ஆர். நால்வரில் ஒருவர் இல்லையென்றால், அது நோயாளியோடு முடிகிற விஷயமாக இல்லாமல் போகலாம். பெரும்பாலும் இந்த இழப்பு அந்தக் கட்டியில் மட்டும் நேர்ந்ததாக இருக்கும். சிலரிடம் அது பிறவியிலேயே, அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். 'லின்ச் சிண்ட்ரோம்' என்று அதற்குப் பெயர். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேரிடம் இது இருக்கிறது.

லின்ச் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயும் வரக்கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தெரிந்துவிட்டால் இளம் வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்து, குடலில் கட்டி புற்றாக மாறும் முன்பே அகற்றிவிடலாம். அம்மாவின் கர்ப்பப்பைத் திசுவில் போட்ட சாயம், மகனின் குடலைக் காப்பாற்றும்!

"எங்க மாமனுக்குக் குடல்ல கட்டி வந்துதான் செத்தாரு. அவரு அக்காளுக்குக் கர்ப்பப்பையில" என்று வீட்டுப் பெரியவர்கள் பேசுவதை நாம் விதி என்று விட்டுவிடுகிறோம். டாக்டரிடம் அதைச் சொல்வது முக்கியமான தகவல். எம்.எம்.ஆர். இழந்த கட்டிகளில் இன்னொரு பலனும் உண்டு. நோய் முற்றிய நிலையிலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகளுக்கு இவற்றில் பல பணிகின்றன. விலைதான் இன்னும் சாமானியர் கைக்கு எட்டவில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* பயாப்சி டப்பாவை உங்கள் கையில் கொடுத்தால், "ஃபார்மலின் ஊற்றியிருக்கிறதா, எத்தனை மணிக்குள் சேர்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். பெயரும் தேதியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

* புற்றுநோய் உறுதியானால், "பி53, எம்.எம்.ஆர். ஐ.ஹெச்.சி. பார்த்தாச்சா? இன்னும் பார்க்கவில்லை என்றால் தேவையா?" என்று கேளுங்கள். போல்-ஈ சோதனை எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை டாக்டர் சொல்வார்.

* ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் ஒரு ஃபைலில் வையுங்கள். ஸ்லைடும் பிளாக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருக்கும். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமென்றால், அவற்றைக் கேட்டு வாங்கலாம்.

* குடும்பத்தில் குடல், கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எது எது அடங்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாளைக்குத் திரும்பினால்…

காங்கேயத்து மாமியாருக்கு ரிப்போர்ட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்டோமெட்ரியாய்டு வகை, முதல் தரம். பி53 இயல்பான முறை. எம்.எம்.ஆர். நான்கும் இருக்கின்றன. பிடென் மட்டும் இல்லை. கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை மூன்றையும் அகற்றினார்கள். தசைக்குள் ஆழமாகப் போகவில்லை. "கீமோவும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க. சர்க்கரையும் எடையும் குறையோணும்" என்றார் டாக்டர். கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால், ஐந்து வருடம் தாண்டுவோர் 90 சதவிகிதத்துக்கும் மேல்.

இதே மாமியார் வெந்தயம் குடித்துக்கொண்டு ஒரு வருடம் இருந்திருந்தால்? சாயமும் மைக்ராஸ்கோப்பும் அப்போதும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். கேட்கத்தான் நேரம் போயிருக்கும்.

தையல் போட்ட வயிற்றோடு வீடு திரும்பியவர் செய்த முதல் வேலை, பக்கத்துத் தோட்டத்து அக்காவைக் கூப்பிட்டதுதான்.

"ஏனுங்கக்கா, போன மாசம் உங்களுக்கும் பட்டுதுன்னு சொன்னீங்களே… டாக்டர்ட்டப் போனீங்களா இல்லீங்களா?"